தடையால் அறியும் மின்முனை
பனியனில் படம் பதிக்கும் அதே திரை அச்சு முறையில், கரி மையைப் பிளாஸ்டிக் பட்டையின்மேல் தேய்த்து உருவாக்கப்படும் மின்முனை, பார்வைக்கு எளியதே எனினும், அதன்மேல் படியும் தங்க நானோ துகள்கள், அதாவது மீட்டரில் நூறு கோடியில் சில பத்துப் பங்கே அளவுள்ள மணிகள், மேற்பரப்பைப் பெருக்கி, கந்தகப் பிணைப்பின் வழியே எதிர்ப்பொருள்களை இறுகப் பற்றிக்கொள்கின்றன. புராஸ்டேட் புற்றுநோயைச் சுட்டக்கூடிய பி.எஸ்.ஏ. என்னும் புரதம் (முதுமையின் சாதாரண வீக்கத்திலும் இது கூடும்) எதிர்ப்பொருளில் வந்து அமர்ந்ததும், கரைசலிலுள்ள ஃபெரோசயனைடு அயனிகள் மின்முனையை நெருங்க வழியின்றித் தடைபட, மின்னோட்டம் தாழ்கிறது; அந்தத் தாழ்விலிருந்தே புரதத்தின் அளவு கணிக்கப்படுகிறது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற வழக்கமான எல்லைக்கும் கீழே இந்த மின்முனை எட்டுவதைவிட, புரதத்தின் வரவைத் தடையால் அறியும் நயமே வியப்புக்குரியது. இரத்தத்தின் பிற புரதங்கள் அழையா விருந்தினராய் ஒட்டிக்கொள்ளாதபடி, எஞ்சிய இடங்கள் மாட்டு ஆல்புமினால் முன்கூட்டியே அடைக்கப்படுகின்றன.