பழைய உணவகமும் பழமைப் பெருமையும்

சென்னை மாநகரின் பழம்பெரும் உணவகங்களைப் பற்றி எழுதுவோர் அண்மைக் காலத்தில் பெருகிவிட்டனர். எந்த விடுதி எந்த ஆண்டில் தோன்றியது, எந்தத் திரைநடிகர் எந்த மேசையில் அமர்ந்தார் என்பன போன்ற செய்திகள் அக்கட்டுரைகளில் நிரம்பியிருக்கின்றன. ஆயின், உத்திரமேரூரில் இருந்துகொண்டு அவற்றைப் படிப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பட்டெடுக்க நாம் சென்னைக்குப் போவதில்லை. காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. வழக்குக்கும் வைத்தியத்துக்குமாக ஆண்டில் இரண்டொரு முறை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம் செய்யும் ஒரு குடும்பம், ஒரே ஒரு வேளை நிறைவாக உண்ண விரும்பினால் எந்த வாயிலில் நுழைவது? அவ்வெழுத்தாளர்கள் இடங்களை வியக்கிறார்கள், தேர்ந்தெடுக்க உதவுவதில்லை.

தேர்வு என்பது நம்மூருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளை நாடறியும். 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும் என்றெல்லாம் சொல்லிவரும் அக்கல்வெட்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடத்தருகே விடுவதில்லை. உணவக விமர்சகர்களுக்கு இந்த ஒரு விதியையேனும் பரிந்துரைப்பேன். பழமை பேசும் விடுதி, பழமைக்குக் கணக்குக் காட்டவேண்டும்.

அவ்வாறு கேட்டால் பலவற்றின் நிலை தெளிவாகிவிடும். கன்னிமாரா விடுதியை எடுத்துக்கொள்வோம். 1854இல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கி, 1886இல் ஆல்பனியாகி, பின்னர் சென்னை ஆளுநராயிருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைத் தாங்கியது. வயதில் அதனோடு போட்டியிடத்தக்க விடுதிகள் சிலவே. ஆனால், அங்கே இன்று புகழ்பெற்றிருப்பது ரெயின்ட்ரீ என்னும் பகுதியில் பரிமாறப்படும் செட்டிநாட்டுச் சமையல். ஆங்கில ஆளுநருக்கும் காரைக்குடி ஆச்சிமார் அடுக்களைக்கும் என்ன உறவு? கட்டடம் பழையது, சுவை வேறோர் ஊரிலிருந்து பின்னாளில் வந்தது. உணவு நன்றன்று என்பது என் கருத்தன்று. கட்டடத்தின் வயதைக் குழம்பின்மீது ஏற்றி விலை கூறலாகாது என்பதே.

மவுண்ட் ரோட்டில் டி ஏஞ்சலிஸ் என்றொரு விடுதி இருந்தது. அதன் உரிமையாளர் 1910இல் சென்னையில் விமானம் ஓட்டிக் காட்டியவர்! அவ்விடுதி இன்றில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தாசப்பிரகாசும் இல்லை. 1962இல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டு, அந்நிலம் செம்மொழிப் பூங்காவாயிற்று. இல்லாதவற்றைப் புகழ்வது எளிது. அவை மறுநாள் சாம்பாரை நீர்க்கவைத்து நம்மை வருத்தப்போவதில்லை.

நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. அந்த இனிய பழைய நாட்களில் எல்லா வாயில்களும் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி, 1957இல் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நாள்தோறும் தொண்டர்கள் கைதாயினர். நம் குடவோலையைப் புகழும்போதும் இதை மறத்தலாகாது: அந்தக் குடத்தில் பெயர் இடப்பட, சதுர்வேதிமங்கலத்தில் நிலமும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தன, ஏரியில் மண் சுமந்தவன் பெயர் அதில் விழவில்லை. ஆகவே, ‘யார் உள்ளே வரலாம்?’ என்பது உணவகத்தின் வரலாற்றில் ஓரத்துச் செய்தியன்று. எனக்கு அதுவே முதற்கேள்வி.

இந்தக் கேள்வியோடு பார்க்கையில்தான் புகாரி ஓட்டலின் சிறப்புப் புலனாகிறது. ஏ.எம். புகாரி அவர்கள் 1951இல் மவுண்ட் ரோட்டில் அதைத் தொடங்கினார். பிரியாணி என்பது திருமண வீட்டுத் தேக்சாவிலிருந்து அழைக்கப்பட்டோருக்கு மட்டும் கிடைத்த விருந்து. அதனைக் காசு கொடுக்கும் எவரும் அழைப்பின்றி வந்து உண்ணும்படி நகரின் நடுச்சாலையில் வைத்த உணவகங்களுள் அது முன்னணியில் நின்றது. சாதியையோ சமயத்தையோ கேட்காத மேசை அது. அவர்களுடைய சிக்கன் 65 பற்றி 65 துண்டுகள், 65 மிளகாய்கள், 65 நாட் கோழி என்று பல கதைகள் உலவுகின்றன. 1965இல் அறிமுகமானதால் அப்பெயர் என்பது கடைக்காரர் கூற்று. கதைகளுள் அதுவே நம்பத்தக்கதாய்த் தோன்றுகிறது. ஏனையவற்றில் சமையலறிவு குறைவு.

குறையும் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சகனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும்போது, பக்கத்திலிருப்பவர் நல்ல கறித்துண்டை நம் பக்கம் தள்ளிவைப்பார். உணவகத்தில் அவரவர் தட்டு, அவரவர் கணக்கு. புகாரியும் இதற்கு விலக்கன்று. விருந்தோம்பலை விலைக்கு விற்கப் புகுந்த எவருக்கும் இந்த இழப்பு நேரும்.

கையில் உள்ள பணம் குறைவென்றால் திருவல்லிக்கேணிக்குச் செல்லுங்கள். 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருவோருக்கும், பார்த்தசாரதி கோயிலிலிருந்து திரும்புவோருக்கும் 1948 முதல் ஒரே சாம்பாரைத் தாராளமாக ஊற்றிவருகிறது ரத்னா கபே. இட்டிலி அதில் மூழ்கியே வரும். கரண்டியால் உண்ண வேண்டும். மரைவும் மரியாதையும் நிறைந்த உயர்தர விடுதி என்று அதனை யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும், கணக்குக் கேட்டால் உடனே காட்டக்கூடியது அதுவே: அன்று புகழ் தந்த பண்டம் இன்றும் அதே தெருவில் வேகிறது.

குடும்பத்தோடு ஒரு மாலை மட்டும் வாய்க்குமானால் என் ஓலை புகாரிக்கு. காலை வண்டியில் போய்ப் பகலிலேயே திரும்புவோர் ரத்னா கபேயில் இட்டிலி உண்ணட்டும். கன்னிமாராவுக்கு, வேறொருவர் பணம் கொடுக்கும் நாளில் போகலாம்.