மாளிகையும் வாய்மொழியும்: மான்டிசெல்லோ பற்றிய இரு நூல்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குன்றின்மேல் அமைந்த மான்டிசெல்லோ, விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் தோட்ட மாளிகையாகும். அவர் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். இம்மாளிகை பற்றி ஆனெட் கார்டன்-ரீட் எழுதிய 'தி ஹெமிங்சஸ் ஆஃப் மான்டிசெல்லோ' (2008), கிளின்ட் ஸ்மித் எழுதிய 'ஹவ் தி வேர்ட் இஸ் பாஸ்ட்' (2021) ஆகிய நூல்களை இணைத்துப் பயில்வோர்க்கு, மூதாதையர் வரலாற்றில் யாருடைய சொல் சான்றாகும் என்னும் வினா எழுவது இயல்பு.

ஸ்மித் கவிஞர். அடிமை முறையின் தடங்கள் உள்ள இடங்களுக்கு நேரிற் சென்று எழுதிய அவரது நூலின் முதல் இயல் மான்டிசெல்லோ பற்றியது. மாளிகையைக் காட்டிலும் அதைக் காண வந்தோரையே அவர் கூர்ந்து நோக்குகிறார். ஜெஃபர்சனின் வீட்டைக் காணவந்த இரு பெண்கள், அது அடிமைகள் உழைத்த தோட்டம் என்பதை அங்குதான் அறிகின்றனர். அவர்களை எள்ளாமல் பேசவிட்டுக் கேட்கும் பொறுமையே நூலின் வலிமை. எனினும், வழிகாட்டியின் சொல்வன்மை ஓங்குமிடங்களில் அடிமைகளின் வாழ்க்கை பின்னணியாகிவிடுகிறது.

கார்டன்-ரீடின் நெறி வேறு. ஜெஃபர்சனின் அடிமையான சாலி ஹெமிங்ஸ், அவருடைய மனைவிக்குத் தந்தைவழித் தங்கையுமாவார். தம் தந்தை ஜெஃபர்சனே எனச் சாலியின் மகன் மேடிசன் 1873-இல் ஒஹையோ இதழொன்றில் கூறினார்; தம் குடிவழியை ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணிலிருந்து தொடங்கினார். வரலாற்றறிஞர் பலர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதனைப் புறந்தள்ளினர். ஜெஃபர்சனின் வெள்ளையினப் பேரமக்கள் மறுத்ததை மட்டும் ஏற்றனர். இரண்டுமே குடும்பச் செவிவழிச் செய்திகள்தாம். இவ்வோரவஞ்சனையை கார்டன்-ரீட் 1997-இல் வெளியிட்ட முந்தைய நூலிலேயே வெளிப்படுத்திவிட்டார். 1998-இல் நடந்த மரபணு ஆய்வு, மேடிசனின் தம்பி எஸ்டனின் வழியினரை ஜெஃபர்சன் குடியின் ஆண்வழியோடு இணைத்தது. ஆயின் ஆய்வகம் சொல்லும்வரை ஒருவரின் வாக்குமூலம் ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

ஜெஃபர்சனின் பண்ணைக் குறிப்பேடு அடிமைகளின் பெயர், பிறப்பு, அவர்களுக்குப் பங்கிட்ட துணி, போர்வை ஆகியவற்றைப் பதிவுசெய்கிறது. ஆளோலை அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இத்தகைய ஆவணம் புதிதன்று. உடைமைக் கணக்காக எழுதப்பட்ட அவ்வேட்டையே கார்டன்-ரீட் குடிவழி ஆவணமாக மாற்றிப் படிக்கிறார். பாரிஸில் சாலியின் மனநிலையை உய்த்துரைக்கும் பகுதிகளில் மட்டும் ஊகம் சான்றினை முந்துகிறது.

மாளிகையும் ஓர் ஆவணமே. உணவறைக் கணப்பின் இருபுறமும் மறைந்துள்ள சிறு ஏற்றிகள் கீழறையிலிருந்து மதுக்குப்பிகளை மேலே கொணர்ந்தன. ஏற்றியவர் விருந்தினர் கண்ணிற் படவில்லை. சாலி வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை 1941-இல் கழிப்பறையாக மாற்றப்பட்டு, 2018-இல்தான் அவர் பெயரிலான காட்சிக்கூடமாயிற்று.

ஸ்மித்தின் நூலில் தலைசிறந்தது அதன் பின்னுரை. அவர்தம் பாட்டனாரின் பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். எனவே தம் முதியோரிடமே அவர் கதை கேட்கிறார். அன்பு ததும்பும் அப்பகுதியில், மேடிசனின் சொல்லைக் கார்டன்-ரீட் உரசிப் பார்த்ததுபோல் அம்முதியோரின் சொல்லையும் ஆவணங்களோடு உரசிப் பார்த்திருப்பின் அதன் சான்றுவலிமை கூடியிருக்கும்.