கடல் இல்லாத புதிய பூமி

வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரம் காட்டும் புதிய பூமியில் கடல் இல்லை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் நீரிணையை நம்பிப் பிழைக்கும் கரையில் இதை வாசிப்பவருக்கு நியாயமாகவே ஒரு கேள்வி எழும்: கடலே இல்லாத இடம் நமக்கு எப்படி மோட்சமாகும்? இந்த நூலை வாசிக்க வேத அறிஞர்கள் வகுத்த வழிகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடலாம்.

நற்செய்திக் கூட்டங்களில் அதிகம் ஒலிப்பது எதிர்காலவாதம். 4ஆம் அதிகாரம் தொடங்கி வருபவை பெரும்பாலும் இனி நடக்கவிருப்பவை என்கிறது அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைத் துறவி ரிபேரா இதற்கு வடிவம் தந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஜான் டார்பி, விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து மறைவாய் வரும் இரகசிய வருகையைச் சேர்த்தார். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை எங்கும் கொண்டுசேர்த்தன. இந்த வாசிப்பில் கடல் உள்ளபடியே மறைந்துபோகும். துன்பத்தில் தளராமல் காத்திருக்க இது துணை செய்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தேதி குறிக்கும் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. தமிழ்ப் பிராமணராய்ப் பிறந்து திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் குருவான ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்த ஆண்டு கடந்துபோனது. அவரைப் பின்பற்றியவர்கள் யுயோமயம் என்ற தனிச் சபையானார்கள்.

சபை வரலாற்றை அதிகாரம் அதிகாரமாகப் பொருத்திப் பார்த்த வரலாற்றுவாதம், நியூட்டனையே ஈர்த்திருந்தும், இன்று ஆய்வுலகில் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. குறியீட்டு வாசிப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தானியேலின் நான்கு மிருகங்களும் யோவான் கண்ட மிருகமும் கடலிலிருந்தே ஏறி வருகின்றன. ஆகவே கடல் என்பது ஒழுங்கின்மை. 1895இல் வேத அறிஞர் ஹெர்மன் குங்கெல் பாபிலோனியப் படைப்புக் கதைகளோடு ஒப்பிட்டு இதற்கு வலுச்சேர்த்தார். எனக்கு இது பாதி விடைதான். 5ஆம் அதிகாரத்தில் கடல்வாழ் உயிர்களும் சேர்ந்து கடவுளைத் துதிக்கின்றனவே!

முதல் நூற்றாண்டு ரோமின் பின்னணியில் வாசிப்பதே நமக்கு மிக நெருக்கமானது என்பேன். 1614இல் இயேசு சபைத் துறவி அல்காசார் தொடங்கிவைத்த வழி இது. இன்று பெரும்பாலான அறிஞர்கள் நூலைப் பேரரசர் டொமிஷியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 95இல் வைக்கிறார்கள். 18ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்ற பெயரில் வரும் ரோமின் சரக்குப் பட்டியலை வேத அறிஞர் ரிச்சர்டு பாக்கம் வரி வரியாக ஆராய்ந்தார். பொன், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை என்று 28 பொருள்கள். கடைசியில் அடிமைகளாக விற்கப்படும் மனிதர்கள். முத்து என்றதும் பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை நினைவுக்கு வராமல் போகுமா? இந்தியா, சீனா, அரேபியா ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் காசுகள் போகின்றன என்று ரோம எழுத்தாளர் பிளினி வருந்தியதும் இதே நூற்றாண்டில்தான். 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் டொமிஷியனின் தந்தை வெஸ்பாசியன் வரை. இடையே நீரோவும் உண்டு. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினார்கள் என்பது நாணயவியலாளர் பலரின் கருத்து. முத்திரை இல்லாதவன் வாங்கவோ விற்கவோ முடியாது என்று 13ஆம் அதிகாரம் பேசும்போது, பேரரசரின் உருவம் பொறித்த காசையும் அறிஞர்கள் நினைவுபடுத்துகிறார்கள். அதே அதிகாரம் தரும் மிருகத்தின் எண் 666, எபிரேய எழுத்துகளில் நீரோ சீசரின் பெயரைக் கூட்டினால் வரும் தொகை. அந்தப் பேரரசின் பொன் நம் மாவட்டத்து மண்ணிலேயே கிடந்திருக்கிறது.

இப்படி வாசித்தால் இல்லாமற்போகும் கடல், ரோமின் கப்பல்கள் மனிதரையும் சரக்காக ஏற்றிச் சென்ற கடல். வேத அறிஞர் பார்பரா ராசிங்கும் ஏறக்குறைய இப்படித்தான் வாதிடுகிறார். 18ஆம் அதிகாரத்தில் அந்த நகரின் வீழ்ச்சிக்காக அழுபவர்களும் அந்த வாணிபத்தில் கொழுத்தவர்களே. 21ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்துப் பிரசங்கிப்பவர்கள் அதற்கு முந்தைய அதிகாரத்தை விட்டுவிடக் கூடாது. கடல் மறையும் முன், தன்னிடமுள்ள இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கிறது என்கிறது 20ஆம் அதிகாரம். உடல்கூடக் கரை சேராதவர்களின் குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. அவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டிய பகுதி அதுதான்.