ஆலயத்தில் ஓர் இசைவிழா: பெத்லகேம் பாக் விழாவைக் குறித்துச் சில சிந்தனைகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லீஹை ஆற்றின் இரு கரைகளிலும் பெத்லகேம் என்னும் நகரம் அமைந்திருக்கிறது. வடகரையில் மொரேவியரின் பழைய குடியிருப்பும், அவர்களுடைய பல்கலைக்கழகமும் இறையியல் கல்லூரியும் உள்ளன. தென்கரைக் குன்றின் சரிவில், 1865இல் நிறுவப்பட்ட லீஹை பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவரால் வாழும் இந்த ஊரில் மே மாதத்து வார இறுதியில், பல்கலைக்கழகத்தின் பேக்கர் நினைவாலயத்தில், யோகான் செபஸ்தியான் பாக் இயற்றிய திருமுறைப் பாடல்களைப் பாடும் விழா நடைபெறுகிறது. ஆலயக் கோபுரத்திலிருந்து டிராம்போன் குழுவினர் ஞானப்பாட்டு இராகங்களை முழக்கி மக்களை அழைப்பார்கள். சனிக்கிழமை பிற்பகலில் பி மைனர் மாஸ் முழுமையாகப் பாடப்படும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்த வழக்கம் இது.

இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இது ஆராதனையா, கச்சேரியா? ஆராதனையே என்று வாதிடுவோர் சான்றாகக் காட்டுவது அங்கே நெடுங்காலம் நிலவிய மௌனத்தை. பாடல் முடிந்தபின் எவரும் கைதட்டுவதில்லை என்பது அவ்விழாவின் எழுதாச் சட்டமாக இருந்தது. இச்சான்று நம்மை நிறைவுபடுத்துவதாக இல்லை. நன்கு பழக்கப்பட்ட இரசிகர் கூட்டமும் மௌனமாக இருக்கக்கூடும். 1920களில் எச். எல். மெங்கன் இவ்விழாவுக்குப் பலமுறை வந்தார்; சமயத்தை எள்ளி நகையாடுவதில் அவரை விஞ்சியவர் அந்நாட்டில் அன்று ஒருவரும் இல்லை. அவரும் அந்த ஆலயத்தில் அமர்ந்து கேட்டார், வியந்து எழுதினார். அவருடைய மௌனத்தையும் பக்கத்தில் அமர்ந்திருந்த விசுவாசியின் மௌனத்தையும் வேறுபடுத்திக் காட்ட எந்த அளவுகோலும் இல்லை. ஆகவே கேள்வியையே நாம் மாற்ற வேண்டியிருக்கிறது. பாடுகிற வாய்க்கும் அந்த ஊரில் உழைக்கிற கைக்கும் என்ன உறவு? இதுவே நாம் கேட்க விரும்புவது.

இக்கேள்வியை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. அவ்வூரின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. 1741ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பின் முந்தின இரவில், ஜின்சென்டார்ப் பிரபு உடனிருக்க, அக்குடியிருப்பு பெத்லகேம் என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர்கள் உழைப்பையும் உணவையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். அவர்களிடையே ‘கொயர்’ என்ற சொல் முதலாவதாகப் பாடகர் குழுவைக் குறிக்கவில்லை. மணமாகாத சகோதரர், மணமாகாத சகோதரிகள், விதவைகள், சிறுவர் என்று ஒரே வீட்டில் தங்கி, உழைத்து, ஜெபித்து வாழ்ந்த ஒவ்வொரு பிரிவும் ஒரு கொயர். பாடல் அந்த வாழ்வின் ஓசை. ஜின்சென்டார்ப் ஏற்படுத்திய பாடல் ஆராதனையில் வெவ்வேறு ஞானப்பாட்டுகளின் சரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, அக்கோவையே அன்றைய பிரசங்கமாக அமைந்தது. 1754 முதல் அங்கே டிராம்போன்கள் ஒலித்து வருகின்றன. சபையில் ஒருவர் மரித்தால், அவர் எந்தக் கொயரைச் சேர்ந்தவரோ அதற்குரிய இராகம் முழங்கும். கேட்டவர்கள் இறந்தது யாராக இருக்கும் என்று அறிந்துகொள்வார்கள். ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் உயிர்த்தெழுதலை அறிவித்தவையும் அவையே.

அப்பழங்காலத்தைப் பொன்னுலகமாக வருணிப்பதும் நேர்மையாகாது. எல்லாக் கல்லறைக் கற்களும் சமமாகத் தரையில் கிடத்தப்பட்டிருக்கும் அத்தோட்டத்தில் அமெரிக்கப் பழங்குடியினரும் ஆப்பிரிக்கரும் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆப்பிரிக்கருள் சிலரை மொரேவியர் அடிமைகளாகவே வைத்திருந்தார்கள். மரணத்தில் வழங்கிய சமத்துவத்தை வாழ்வில் முழுதாக வழங்கவில்லை. இந்த மொரேவியரே 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்தவர்கள். ஹாலே மிஷனெரிகளின் எதிர்ப்பாலும் நோயாலும் மரணத்தாலும் நலிந்து 1803இல் விடைபெற்றார்கள். உழைத்துக்கொண்டே பாடும் சபை என்ற அவர்களுடைய கருத்து நம் மண்ணில் வேர்கொள்ளவில்லை.

பாக் விழாவைத் தோற்றுவித்த ஜே. பிரெட் வோலி இம்மொரேவிய மரபின் பிள்ளை, ஆர்கன் கலைஞர். 1888இல் யோவான் எழுதிய சுவிசேஷத்தின்படியான பாடுகளின் இசையை அமெரிக்காவில் முதன்முறையாக முழுமையாகப் பாடச் செய்தார். 1898இல் பாக் பாடகர் குழு உருவாயிற்று. 1900 மார்ச் 27 அன்று மத்திய மொரேவிய ஆலயத்தில் பி மைனர் மாஸ் அந்நாட்டில் முதன்முறை முழுமையாக ஒலித்தது. பாடினவர்கள் ஊர் மக்கள், ஊதியம் பெறாதவர்கள். 1905இல் வோலி கலிபோர்னியாவுக்குச் சென்றுவிடவே குழு கலைந்தது. அவர் திரும்பியபின் 1912இல் விழா மீண்டும் தொடங்கியபோது, அது ஆற்றைக் கடந்து தென்கரையில், பல்கலைக்கழக ஆலயத்தில் நடந்தது. இந்த இடமாற்றத்தை வெறும் வசதி பற்றிய செய்தியாகக் கருதிக் கடந்துவிடலாகாது. சபையின் ஆலயத்திலிருந்து கல்லூரியின் ஆலயத்துக்கும், காணிக்கையிலிருந்து புரவலர் நிதிக்கும் இசை பெயர்ந்தது. அப்புரவலருள் முதன்மையானவர் பெத்லகேம் எஃகு நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் ஷ்வாப்.

ஷ்வாப் இசையை உண்மையாகவே நேசித்தவர். அதை ஐயுறுவதற்கில்லை. ஆனால் விழா அக்குன்றில் தொடங்குவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1910 பிப்ரவரியில், குன்றின் அடிவாரத்திலுள்ள ஆலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிகைநேர வேலையும் ஞாயிற்றுக்கிழமை வேலையுமே அதற்கு மூலகாரணம். அரசின் விசாரணை, பன்னிரண்டு மணி நேர நாளும் ஏழு நாள் வாரமும் அங்கே வழக்கத்தில் இருந்ததை வெளிக்கொணர்ந்தது. 1908இல் தோன்றிய அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டு மன்றமும் ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவில் இருந்த சார்லஸ் ஸ்டெல்சில், இயந்திரத் தொழிலாளியாக இருந்து பின்பு பிரெஸ்பிடேரியன் போதகரானவர். ஏழில் ஒரு நாள் ஓய்வு என்பது கட்டளை. அதைக் கேட்கத் திருச்சபை முன்வந்தது நம் வரலாற்றில் போற்றத்தக்க செயல். எனினும் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஓய்வுநாள் கிட்டாத ஊரில், சனிக்கிழமை பிற்பகலில், நிசேயா விசுவாசப் பிரமாணம் முழு இசைக்குழுவோடு பாடப்பட்டது. ஏழு நாளும் உலைமுன் நின்ற ஹங்கேரியரும் ஸ்லாவியரும் அதைக் கேட்க எந்நேரம் வந்திருப்பார்கள்? 1914இன் இறுதி முதல் அந்த ஆலை பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் வெடிகுண்டுகளையும் பீரங்கிகளையும் பெருந்தொகையாகச் செய்து அனுப்பியது. அந்த ஆண்டுகளிலும் மாஸின் கடைசிப் பகுதி “எங்களுக்குச் சமாதானத்தைத் தந்தருளும்” என்ற வேண்டுதலாகவே இருந்தது.

இதனால் அவ்விசை பொய்யாகிவிட்டது என்று நாம் முடிவுகட்டவில்லை. அவ்வாறு முடிவுகட்டுவோர் இசையைச் சரியாகக் கேட்கவில்லை என்றே கருதுகிறோம். பாக் தம் வாழ்நாளின் இறுதியில், 1748, 1749ஆம் ஆண்டுகளில், தம் பழைய படைப்புகள் பலவற்றை மறுபடி எடுத்துத் திருத்தி இணைத்து இந்த மாஸை நிறைவுசெய்தார். கீரியேயும் குளோரியாவும் 1733இல் திரெஸ்தன் அரசவைக்கு அளித்தவை. ‘சிலுவையில் அறையப்பட்டார்’ என்னும் பகுதியின் மூலம் 1714இல் எழுதிய ஒரு புலம்பல் பாட்டில் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தின் நடுமையத்தில் அதை வைத்தார். லுத்தரன் ஒருவர் இலத்தீன் திருப்பலியின் சொற்களுக்கு இசையமைத்ததும், அது முழுமையாக ஒலித்ததைத் தாமே கேளாமல் 1750இல் மரித்ததும் சிந்தனைக்குரியவை. எந்த அரசவையும் எந்த ஆலயமும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளாத ஒரு படைப்பு இது. அதனால்தான் போலும், எந்தப் புரவலரின் கைக்குள்ளும் அது முழுதாக அடங்குவதில்லை.

‘மரித்தோரின் உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கிறேன்’ என்ற வரியைப் பாக் கையாளும் விதத்தை மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். முதலில் அச்சொற்கள் மிக மெதுவாக, இருளில் தடவிச் செல்வதுபோல், சுரம் எங்கே நிலைகொள்ளும் என்று அறியாதபடி வருகின்றன. பிறகுதான் எக்காளங்களோடு அதே சொற்கள் வெடித்தெழுகின்றன. நம்பிக்கை கையிருப்பு அல்ல, காத்திருத்தல் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பிரசங்கத்தை நாம் அதிகம் கேட்டதில்லை. கல்லறைத் தோட்டத்தில் டிராம்போன் ஒலித்த ஊருக்கு இவ்விடம் சாலப் பொருந்தும். ஆனால் இடைவேளையோடு இரு பகுதிகளாக ஒரே பிற்பகலில் முழு மாஸையும் கேட்கிறவருக்கு, திருவிருந்தும் இல்லை, வேதவாசிப்பும் இல்லை. அப்பமும் இரசமும் இல்லாமல் ‘தேவ ஆட்டுக்குட்டியே’ என்று பாடுவது, இலக்கணப்படி நிறைவுறாத வாக்கியம். இக்குறையை எவ்வளவு உயர்ந்த இசையாலும் நிரப்பவியலாது என்பதே நமது கணிப்பு.

இவ்விழாவில் ஆராதனைத் தன்மை எங்கே எஞ்சியிருக்கிறது என்று கேட்டால், மாஸைவிட எளிய ஓரிடத்தையே காட்டுவோம். ஞானப்பாட்டுப் பகுதிகள் வரும்போது சபையாரும் சேர்ந்து பாட வேண்டும் என்று வோலி அழைத்தார். அந்த நேரத்தில் அனுமதிச்சீட்டு வாங்கி வந்தவர் இரசிகராக அமர்ந்திருக்க முடியாது; நுரையீரலைக் கொடுக்க வேண்டும். பாக்கின் இசைக்கு அடித்தளமான அந்த ஜெர்மானிய ஞானப்பாட்டுகளுள் பல, தரங்கம்பாடி வழியாகத் தமிழில் வந்து நம் லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. இராகம் நமக்கு அந்நியம், கீர்த்தனையே நமது என்று வாதிடும் நண்பர்களோடு இங்கே வழக்காட விரும்பவில்லை. அறுவடை முடித்து வந்த கிராமத்துச் சபை, நாலு குரல் அறியாமல் ஒரே குரலில் இழுத்துப் பாடும் ஞானப்பாட்டு, பாக் தம் மேதைமையை எதன்மேல் கட்டினாரோ அதற்கு மிக அருகில் நிற்கிறது. நகரத்து ஆலயங்களில் டிசம்பர் தோறும் நாம் நடத்தும் இசைவிழாக்களில் சபைக்கு ஒரு சரணமாவது மீந்திருக்கிறதா என்பதைப் போதகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

பெத்லகேமில் எஃகு வார்ப்பது 1995இல் நின்றது. 2001இல் நிறுவனம் திவாலாகி, 2003இல் இல்லாமலேயே போயிற்று. உலைக்களம் இருந்த நிலத்தில் 2009இல் ஒரு சூதாட்ட மாளிகை திறக்கப்பட்டது. 2011இல் குளிர்ந்துபோன ஊதுலைகளையே பின்னணியாகக் கொண்டு ஒரு கலைவளாகம் எழுந்தது. 1984 முதல் ஆகஸ்டு மாதத்தில் ஊரெங்கும் வேறொரு பெரிய இசைவிழாவும் நடக்கிறது. மொரேவியக் குடியிருப்பு 2024இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உழைப்பு ஒருகாலத்தில் கலைக்குப் பணம் கொடுத்தது. இன்று உழைப்பின் எலும்புக்கூடு கலைக்கு அரங்கமாகியிருக்கிறது. ஓய்வுநாள் வேண்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் வேலையே இல்லாமற் போனதைக் கண்டார்கள்.

பாக் விழாவோ தொடர்கிறது. மாஸின் முடிவில், சமாதான வேண்டுதலுக்குப் பாக் புதிய இசை எழுதவில்லை. குளோரியாவில் ‘உமக்கு நன்றி செலுத்துகிறோம்’ என்ற சொற்களுக்கு வந்த அதே இசையை மறுபடி வைத்தார். அதுவும் 1731இல் எழுதிய ஒரு நன்றிப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். இன்னும் வராத சமாதானத்தைக் கேட்கும் வாய், நன்றியின் இராகத்திலேயே அதைக் கேட்கிறது. 1916இல் அதைப் பாடிய தென்கரை மக்கள் இந்த ஒற்றுமையைக் கவனித்தார்களா என்பதை அறிய வழியில்லை. இசைத்தாளில் அது இருந்தது.