பெட்டியில் இனாமாக வந்த விளக்கு

நூறு வெள்ளிக்குள் இணையத்தில் விற்கும் ஒடுக்கெடுக்கும் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பசைத் துப்பாக்கி, பசைக் குச்சிகள், பல அளவில் பிளாஸ்டிக் பொத்தான்கள், அவற்றைப் பிடித்து இழுக்க ஒரு பாலம், மேட்டைத் தட்டி இறக்க நைலான் முளை, ஒரு சின்னச் சுத்தியல். மேலட்டைப் படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே இழுக்கிறார். அடுத்த படத்தில் ஒடுக்கைக் காணோம். இதெல்லாம் போக, பெட்டியின் மூலையில் கொசுறு மாதிரி ஒரு எல்இடி விளக்கையும் திணித்திருப்பார்கள். சில மாதங்களாகச் சுங்கை லாலாங்கில் என் மைவியோடு இந்தப் பெட்டியும் குடியிருக்கிறது. மற்ற சாமான்களைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். அந்த விளக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஒரு முழ நீளம், அடியில் கண்ணாடியில் கவ்விக்கொள்ளும் ரப்பர் கிண்ணம். பால்வெள்ளை முகப்பில் கறுப்புக் கோடுகள் வரிசையாக ஓடுகின்றன. இரவில் போர்ட்டிக்கோ விளக்கை அணைத்துவிட்டு இதைக் கதவருகே பிடித்தால் கோடுகள் சாயத்தில் பிரதிபலிக்கும். தகட்டின் வளைவோடு அவை ஒழுங்காக ஓடினால் தகடு சரி. ஓரிடத்தில் கோடு உள்வாங்கி நெளிந்தால் பள்ளம். மறுபக்கம் வளைந்தால் மேடு. பகல் வெயிலில் கண்ணுக்குச் சிக்காத, விரலால் தடவினாலும் அகப்படாத ஒடுக்கைக்கூட இது விடுவதில்லை.

நான் பெட்டி வாங்கியது இடது பின்கதவில் இருந்த ஒரே ஒரு ஒடுக்குக்காக. முதல் நாள் இரவே விளக்கு என்னை முன் மட்கார்டுக்கு இழுத்துப் போனது. அங்கிருந்து பானெட், பானெட்டிலிருந்து கூரை விளிம்பு. எண்ணுவதை நடுவிலேயே விட்டுவிட்டேன். “இத்தனை வருஷமா நல்லாத்தானே ஓடுச்சு? லைட்ட அணைச்சிட்டு உள்ள வாங்க,” என்றார் வீட்டுக்காரம்மா. என் வண்டி கிரானைட் கிரே நிறம். கறுத்த சாயம் எதையும் மறைக்காது. வெள்ளியும் வெள்ளையும் ஓட்டுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அவர்கள் கதவும் இதே நிலைமையில்தான் இருக்கிறது என்றாலும்.

கொஞ்ச நாள் பழகியதும் ஒடுக்கைப் பார்த்தே இது யார் வேலை என்று சொல்ல வந்துவிடுகிறது. செங்குத்தாக, குறுகலாக, அடியில் கொஞ்சம் சாயம் உரசியிருந்தால் அது பக்கத்துக் காரின் கதவு விளிம்பு. அதிலும் உயரத்தைப் பார்க்க வேண்டும். பிக்கப் கதவு மேலே இடிக்கும், சின்னக் கார் கீழே இடிக்கும். படுக்கைவாட்டில் நீளமாக இழுத்திருந்தால் பேரங்காடித் தள்ளுவண்டி. காசளவுக்கு வட்டமாக, நடுவில் கூர்மையான குழி என்றால் கப்சாய் மோட்டாரின் கைப்பிடி முனை. பாசார் மாலாம் பக்கம் வண்டியை விட்டுவிட்டுக் கச்சான் வாங்கப் போனதன் பரிசு. பானெட்டில் ஒரு கொத்தாக இருந்தவை பக்கத்து வீட்டு மாமரத்தின் காய்கள். மரத்தைக் குறை சொல்ல முடியவில்லை. ஊறுகாய் போட நாங்களும் அதில்தான் பறிக்கிறோம்.

எனக்குப் புரிபடாமல் இருந்தது பின்பக்க மட்கார்டில் அகலமாக, மெத்தென்று அமுங்கியிருந்த பள்ளம். சாயத்தில் கீறலே இல்லை. பிறகுதான் பிடிபட்டது: உள்ளங்கை. சுங்கைப் பட்டாணியில் கோயில் திருவிழா என்றால் கார் நிறுத்த இடம் இருக்காது. இன்னொரு காரை மறித்து நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கை இறக்கி, டேஷ்போர்டில் கைப்பேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போவது நம் நாட்டு வழக்கம். உள்ளே மாட்டிக்கொண்டவர் எண்ணைக் கூப்பிட மாட்டார், தள்ளுவார். தள்ளுகிறவர் தூணிலோ சட்டத்திலோ கை வைத்தால் பரவாயில்லை. வாகாக இருக்கிறதென்று தகட்டின் நடுவில் கை வைத்து அழுத்துவார். இந்தக் காலத்துக் கார்களின் வெளித்தகடு முக்கால் மில்லிமீட்டர் கனம் இருந்தால் பெரிது. எந்த நிறுவனத்தின் கார் ஆனாலும் அப்படித்தான். மைவியைத் தகர டப்பா என்று கிண்டல் செய்கிறவர்கள் தங்கள் வண்டியை இந்த விளக்குக்கு முன்னால் கொண்டு வரட்டும். 2005 மே மாதம் முதல் மைவி வந்தபோது அலுவலகத்து நண்பர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்று ஓட்டுவது அதைத்தான்.

யார் எந்த உயரத்தில் இடிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, கதவில் ஒட்டும் காந்தப் பட்டைகளின் மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது. துணியுறை போட்ட நுரைப்பட்டை, உள்ளே காந்தம்; நிறுத்தியதும் மாட்டி, எடுக்கும்போது கழற்ற வேண்டும். ஒரு சாண் அகலப் பட்டை ஒரே உயரத்தைத்தான் காக்கும். பிக்கப் அதற்கு மேலே இடிக்கும், தள்ளுவண்டி கீழே இடிக்கும். செம்பனை லாரிகள் ஓடும் நம் பக்கத்துச் சாலைப் புழுதி பட்டைக்கடியில் புகுந்துவிட்டால், காற்றில் அது அசையும்போதெல்லாம் சாயத்தைத் தேய்க்கிறது. ஒடுக்கைத் தடுக்கப் போய்க் கீறல் வாங்குவதுதான் மிச்சம். கதவு விளிம்பில் மாட்டும் ரப்பர் பட்டை மலிவு, நல்லது. ஆனால் அது காப்பாற்றுவது பக்கத்துக் காரை. எல்லாரும் மாட்டினால் எல்லாருக்கும் லாபம். அது நடக்கிற காரியமில்லை. நடக்கிற காரியம், பேரங்காடியில் தூணை ஒட்டிய ஓரத்து இடமாகப் பார்த்து, தூண் பக்கம் நெருக்கி நிறுத்திவிட்டு நடப்பது. ஒரு பக்கமாவது தப்பும்.

சரி, பெட்டி ஒடுக்கை எடுக்கிறதா? எடுக்கிறது, அரைகுறையாக. பொத்தானில் சூடான பசையை வைத்துப் பள்ளத்தின் நடுவில் ஒட்டி, ஆறியதும் பாலத்தைத் திருகி இழுக்க வேண்டும். அந்த ‘ஆறியதும்’ என்பதில்தான் சிக்கல். கெடா வெயிலில் தகடே சுடும்போது பசை எங்கே ஆறுவது? அவசரப்பட்டு இழுத்தால் ஒட்டுப்பால் மாதிரி நூல் நூலாக நீண்டுகொண்டு வருகிறது. அதிகமாகக் காத்திருந்தால் பொத்தான் ‘டக்’கென்று வெறுமனே கழன்றுகொள்கிறது. வெயில் ஏறுமுன் காலையில் செய்வதுதான் சரிப்படும். மிஞ்சும் பசையை உரிக்க மருந்துக் கடை ஆல்கஹால் போதும்.

இழுத்தவுடன் வேலை முடிவதில்லை. பள்ளம் மேலே வரும்போது சுற்றிலும் சிறு மேடுகள் கிளம்பும். விளக்கைப் பிடித்து, கோடு வெளிப்பக்கம் வளையும் இடங்களில் முளையை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். மறுபடி இழு, மறுபடி தட்டு. உள்ளங்கைப் பள்ளம் போன்ற மென்மையான அமுங்கல் முக்கால்வாசி சரியாகும். தகடு மடிந்து கோடு விழுந்திருந்தால் இந்தப் பசைக்கு அது அசையாது. ஏற்கெனவே மறுசாயம் அடித்த தகட்டில் இதைத் தொடவே கூடாது. பொத்தானோடு சாயமும் உரிந்து வரும். பம்பருக்கும் பெட்டி தேவையில்லை. அது பிளாஸ்டிக், சாயம் வெடிக்காமல் அமுங்கியிருந்தால் கொதித்த வெந்நீரை ஊற்றி உள்ளிருந்து தள்ளினாலே பெரும்பாலும் திரும்பிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு, காப்புறுதி இருக்கிறதே என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கிளைம் செய்யாத ஆண்டுகளுக்குத் தனியார் காருக்குக் கிடைக்கும் தள்ளுபடி 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்து ஆண்டு முடிந்தால் 55. தள்ளுபடிக்கு முன் கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55-இல் இருப்பவர் 450 கட்டுகிறார். ஒரு கதவு ஒடுக்குக்காகத் தன் காப்புறுதியில் கைவைத்தால் தள்ளுபடி பூஜ்யத்துக்கு இறங்கும். மறுபடி ஏறி முடிக்கும் ஐந்தாண்டில் கூடுதலாகக் கட்டுவது 1,300 வெள்ளிக்கு மேல். இடித்தவர் வண்டி எண் தெரிந்து, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கொடுத்து, தவறு அவர்மேல் என்று ஆனால் தள்ளுபடி தப்பும். கார் நிறுத்துமிடத்தில் கதவால் இடித்தவன் எண்ணை எழுதி வைத்துவிட்டா போகிறான்?

விளக்குக்கு முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தது என் கார் அல்ல. மச்சானின் மகன் பழைய கார் ஒன்று பார்த்திருந்தான். இடிபடாத வண்டி என்று விற்கிறவர் சத்தியம் செய்தார். பொழுது சாய்ந்த பிறகு போய் விளக்கைப் பிடித்தோம். வலது பக்கம் முழுக்கக் கோடுகள் நேராக ஓடின. இடது பின்பக்கத்தில், சக்கரத்துக்கு மேலே, அலை அலையாக மிதந்தன. அங்கே சாயத்தின் மேற்பரப்பும் கொஞ்சம் சொரசொரப்பு. புட்டி வைத்துத் தேய்த்த இடம். விற்கிறவர் முதலில் விளக்கைப் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார், அப்புறம் விலையைக் குறைத்தார். பையன் வாங்கவில்லை. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் டயரை உதைப்பதை விட்டுவிட்டு இதை எடுத்துப் போகலாம். விளக்கைத் தனியாகவும் விற்கிறார்கள்; முழுப் பெட்டியின் விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கலாம்.

என் பின்கதவின் ஒடுக்கில் ஒரு மடிப்பு இருந்ததால் கடைசியில் சுங்கைப் பட்டாணியில் சாயமில்லாமல் ஒடுக்கெடுக்கும் தம்பி ஒருவரிடம்தான் போனேன். சன்னல் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் வளைந்த கம்பி ஒன்றை விட்டு, உள்ளிருந்து பொட்டுப் பொட்டாக நெம்பினார். கண்கள் தகட்டைப் பார்க்கவேயில்லை; விளக்கின் கோடுகள் மேலேயே இருந்தன. 120 வெள்ளி. சாயப் பட்டறையில் ஒரு கதவுக்கு 200, 300 கேட்கிறார்கள்; அப்புறம் நிறம் ஒத்துப்போகவில்லையே என்று வேறு புலம்ப வேண்டும். என் பெட்டியைத் திறந்து காட்டினேன். விளக்கை மட்டும் கையில் எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

“லைட்டு பரவால்ல, அங்கிள். பசையத் தூக்கிப் போட்டுருங்க.”

போடவில்லை. செருப்பு வார் அறுந்தாலும், பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் கைவேலை கொடுத்தாலும் இப்போது அந்தத் துப்பாக்கியைத்தான் தேடுகிறார்கள்.