தாய் கண்டது சேயில் பதியுமா?

கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மெக்சிகோவிலும் இதே அச்சம் உண்டு. அங்கே வயிற்றருகே சாவியோ ஊக்கோ செருகிக்கொள்வார்கள். தாய் பார்த்ததும் பயந்ததும் ஏங்கியதும் கருவில் பதியும் என்பதே இவற்றின் அடிப்படை. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு வரை படித்த மருத்துவர்களே இதைக் கோட்பாடாக ஏற்றிருந்தார்கள். எடைபோடுவதானால் அந்த வலுவான வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் சரே மாவட்டம், கோடல்மிங் ஊர், 1726. மேரி டாஃப்ட் என்ற ஏழைப் பெண் முயல்களைப் பெற்றெடுப்பதாகச் செய்தி பரவியது. கர்ப்பமாக இருந்தபோது வயலில் ஒரு முயலைத் துரத்தியதாகவும், அன்று முதல் முயல்கறிக்கு ஏங்கியதாகவும் அவர் சொன்னார். கோட்பாட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளூர் மருத்துவர் ஜான் ஹோவர்ட் நம்பினார். மன்னர் முதலாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர் நத்தானியேல் செயின்ட் ஆந்த்ரேயும் நேரில் வந்து பார்த்து நம்பினார். அதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மோசடி நடந்தது அல்ல, கையில் இருந்தும் சான்று தோற்றதுதான். முயலின் நுரையீரல் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள், மிதந்தது. வெளிக்காற்றைச் சுவாசித்த உயிரின் நுரையீரல்தான் அப்படி மிதக்கும். மன்னர் அனுப்பிய இன்னொரு மருத்துவர் சிரியாகஸ் ஆலர்ஸ், முயலின் புழுக்கையில் தானியமும் வைக்கோலும் இருக்கக் கண்டார். கருப்பைக்குள் வைக்கோல் ஏது? இத்தனைக்குப் பிறகும் செயின்ட் ஆந்த்ரே அசையவில்லை. தாயின் மனம் எதையும் உருவாக்கும் என்று ஒப்புக்கொண்டவருக்கு, எந்த முரணும் முரணாகத் தெரியாது. எதனாலும் பொய்யாக்க முடியாத கோட்பாடு எதையும் விளக்குவதில்லை. கடைசியில், மேரி இருந்த இடத்துக்கு ஒருவர் ரகசியமாக முயல் கொண்டுவந்தது பிடிபட்டது. வலிமிகுந்த அறுவைச் சோதனை நடத்தப்படும் என்று மிரட்டப்பட்ட பிறகு, டிசம்பர் 7 அன்று மேரி ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பிளாண்டெல் என்ற லண்டன் மருத்துவர் கோட்பாட்டையே எதிர்த்து நூல் எழுதினார். அவர் முடிவு சரி. ஆனால் கரு தொடக்கத்திலேயே முழு உருவத்தோடு மிகச் சிறிதாக இருக்கிறது என்ற அக்காலப் பிழையும் அவர் வாதத்தில் கலந்திருந்தது. ஆகவே அவரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உடலியலைத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இரண்டு: எந்த வழியாக, எந்த வாரத்தில்? தாயின் நரம்பு எதுவும் தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்குப் போவதில்லை. இருவர் ரத்தமும் தனித்தனியாக ஓடுகின்றன. நஞ்சுக்கொடியில் பிராணவாயு, சத்துகள், ஹார்மோன்கள், மருந்துகள், சில கிருமிகள் கடக்கின்றன. கண்ணில் பட்ட காட்சி கடக்க வழியே இல்லை. காலமும் கணக்கில் நிற்கவில்லை. மேலுதடு கர்ப்பத்தின் 4 முதல் 7ஆம் வாரத்துக்குள் கூடிவிடுகிறது. அண்ணம் 6 முதல் 9க்குள். ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம் ஏற்கெனவே கூடிய உதட்டை எப்படிப் பிளக்கும்? கர்ப்பகாலத்தில் கிரகணமே தெரியாத ஊர்களிலும் பிளவுடன் பிள்ளைகள் பிறக்கிறார்கள். மரபணுக்களும் சில மருந்துகளும் புகையும் நீரிழிவும் இதில் பங்கு வகிப்பது தெரிந்த செய்தி.

எதிர்த்தரப்புக்கு உரியதையும் கொடுக்க வேண்டும். தாய்க்கு நேர்வது கருவைத் தொடும் என்ற அடிப்படை உணர்வு பொய்யல்ல. தாயின் நீடித்த கடும் மனஅழுத்தத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையுடன் பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கண்டறிந்தார். கர்ப்பிணிகள் விழுங்கிய தாலிடோமைடு மாத்திரை 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் குறைபட்ட கைகால்களுடன் பிறந்துவிட்டன. தாய் எந்த நாளில் விழுங்கினாள் என்பதைப் பொறுத்து எந்த உறுப்பு கெடும் என்பது மாறியது. வழியும் இருந்தது, வாரமும் பொருந்தியது.

ஆக, தாய் கண்டது சேயில் பதியும் என்ற கோட்பாடு இரு சோதனையிலும் தோற்கிறது. அது பாதிப்பில்லாத நம்பிக்கை என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. உதட்டுப் பிளவுள்ள பிள்ளையைத் தூக்கி நிற்பவளிடம் ‘அன்னிக்கு வெளிய வந்தியா?’ என்று கேட்கிறவர்கள், அவள் செய்யாத குற்றத்துக்கு அவளை ஆயுள் முழுக்கக் குறுக வைக்கிறார்கள். உண்மையான காரணத்தைத் தேடும் வேலையும் அந்தக் கேள்வியோடு நின்றுபோகிறது. அச்சம் இடம் மாறி நிற்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, வதந்திகளுக்குப் பயந்து பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பத் தயங்கினார்கள். கருவை உண்மையிலேயே தொடக்கூடிய ஒரு கிருமிக்கு எதிரான ஊசி அது.