நடந்த வழியும் எழுதிய வழியும்

ஜப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோவைத் தமிழுலகம் ஹைக்கூக் கவிஞராகவே அறிந்து வைத்திருக்கிறது. 1916ஆம் ஆண்டிலேயே பாரதியார் சுதேசமித்திரன் இதழில் ஜப்பானியக் கவிதை குறித்து எழுதினார். பிற்காலத்தில் மூன்றடிப் பாட்டு தமிழில் ஓர் இயக்கமாகவே பரவியது. ஆயின் பாஷோவை அவர் நாட்டுப் பள்ளி மாணவர்கள் பெரிதும் பயில்வது ஓர் உரைநடை நூலின் வாயிலாகத்தான். 'ஓகு நோ ஹொசொமிச்சி' என்பது அதன் பெயர். வடபுலத்தின் உட்பகுதிக்குச் செல்லும் ஒடுங்கிய வழி என்று அதனைப் பொருள் கொள்ளலாம். உரைநடைக்கு இடையிடையே பாஷோவின் பாடல்கள் ஐம்பதும், உடன் சென்ற மாணவர் சோராவின் பாடல்கள் சிலவும் அமைந்த சிறுநூல் அது. ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். அது கூறும் பயணத்திற்கோ 5 மாதங்கள் ஆயின.

1689ஆம் ஆண்டு, ஜப்பானியரின் பழைய நாட்கணக்கில் மூன்றாம் மாதம் 27ஆம் நாள், அதாவது மே 16ஆம் நாள், பாஷோவும் சோராவும் எதோ நகரை விட்டுப் புறப்பட்டனர். இன்றைய தோக்கியோவே அன்றைய எதோ. பாஷோவுக்கு அப்போது வயது 45. சோரா புறப்படும் அன்று காலையில் தலையை மழித்துக் கருநிறத் துறவாடை பூண்டார் என்று நூல் கூறுகிறது. வடக்கே மட்சுஷிமா, ஹிராய்சுமி வரை சென்று, மலைகளைக் கடந்து மேற்குக் கடற்கரையை அடைந்து, அக்கரையோரமாகவே தெற்கே இறங்கி, ஓகாக்கி என்னும் ஊரில் பயணம் முடிந்தது. கடந்த தொலைவு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர்.

இப்பயணத்தைத் தலயாத்திரை என்று கூறலாமா என்னும் வினா எழக்கூடும். நிக்கோ, ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோ முதலிய புண்ணிய மலைகள் வழியில் உள்ளன. அங்கெல்லாம் இருவரும் வழிபட்டனர். ஆனால் பாஷோவை இழுத்துச் சென்றவை கோயில்கள் மட்டுமல்ல. முன்னோராகிய கவிஞர் பாடியதால் பெயர் பெற்ற ஆறு, மரம், குன்று, எல்லைச்சாவடி ஆகியவற்றை அவர் தேடிச் சென்று கண்டார். அவற்றை ஜப்பானியர் 'உதாமகுரா' என்பர். 'பாடல் பெற்ற தலம்' என்று தமிழில் வழங்கும் தொடர் இதற்கு எத்துணைப் பொருத்தமாக அமைகிறது என்பது எண்ணத்தக்கது. பாஷோ பெரிதும் போற்றிய துறவிக் கவிஞர் சைகியோ 1190இல் மறைந்தார். அவர் மறைந்து ஐந்நூறாம் ஆண்டு நெருங்கிய வேளையில், அவர் நடந்த வடபுலத்தில் தாமும் நடக்கப் பாஷோ விரும்பினார்.

நூல் நாள்வாரியாகச் செல்வது போன்ற தோற்றம் உடையது. புறப்பட்ட நாள், தங்கிய ஊர், மழை, வெயில், நோய், நட்பு யாவும் அதில் உண்டு. 1702இல், ஆசிரியர் மறைந்து 8 ஆண்டுகளுக்குப் பின், அச்சேறிய நாள் முதல் படித்தோர் பலரும் அதனை நடந்ததை நடந்தவாறே உரைக்கும் நூலாகவே ஏற்றனர். அந்நம்பிக்கைக்கு 1943இல் ஒரு சோதனை வந்தது. சோரா தம் வழக்கப்படி எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு அவ்வாண்டு அச்சில் வெளிவந்தது.

சோரா கலைஞராக அந்நாட்குறிப்பை எழுதவில்லை. புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு, வானிலை, தங்க இடமளித்தவர் பெயர் என்னும் இவையே அவர் கவனித்தவை. ஒரு கடைக்காரர் தம் கணக்கேட்டில் காட்டும் அக்கறை அவர் எழுத்தில் தெரிகிறது. அவ்வேட்டைப் பாஷோவின் நூலுக்கு அருகில் வைத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர்.

முதல் நாளையே எடுத்துக் கொள்வோம். காகித அங்கி, மழையுடை, மை, தூரிகை ஆகியவற்றோடு நண்பர்கள் அன்போடு கொடுத்தவற்றையும் வீசியெறிய மனமின்றி, மெலிந்த தோளில் அவை அழுத்த, அன்று ஒருவாறு சோக்கா என்னும் ஊரை அடைந்ததாகப் பாஷோ எழுதுகிறார். படகை விட்டிறங்கிய சென்ஜுவிலிருந்து சோக்கா 9 கிலோமீட்டர் அளவே இருக்கும். அன்றிரவு தங்கியது காசுகாபே என்கிறார் சோரா. அது சென்ஜுவிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. தள்ளாடித் தள்ளாடி நடந்தவராக நூலில் தோன்றும் பயணி உண்மையில் திடமாகவே நடந்திருக்கிறார்! நிக்கோ மலையடியில் தங்கிய நாளை மூன்றாம் மாதம் 30 என்று நூல் குறிக்கிறது. அவ்வாண்டு அம்மாதத்திற்கு 29 நாட்களே இருந்தன. கஸ்ஸான் மலையேறிய நாள் நூலில் எட்டாம் தேதி. நாட்குறிப்பில் ஆறாம் தேதி.

தேதிப் பிழைகளைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஐந்தாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதுவோர் எவருக்கும் அது நேரும். ஹிராய்சுமிப் பகுதி அவ்வாறு தள்ளிவிடக்கூடியதன்று. வடபுலத்தை மூன்று தலைமுறை ஆண்ட புஜிவாராக் குடியின் தலைநகரம் அது. வீரன் யோஷிட்சுனே 1189இல் மாண்டதும் அங்கேதான். சரியாக ஐந்நூறு ஆண்டுகள் கழித்துப் பாஷோ அங்கே நின்றார். புகழ்பெற்ற இரு மண்டபங்களும் திறந்திருந்தன என்றும், சுவடி மண்டபத்தில் மூன்று தலைவர்களின் உருவங்கள் உள்ளன என்றும் அவர் எழுதுகிறார். பொறுப்பாளர் ஊரில் இல்லாமையால் சுவடி மண்டபம் திறக்கப்படவில்லை என்று சோரா எழுதி வைத்துள்ளார். சோரா கூறுவதே மெய் என்பதற்கு அம்மண்டபமே சான்று. அதனுள் இருப்பவை தலைவர்களின் உருவங்கள் அல்ல. மஞ்சுசிறீ போதிசத்துவரும் அவர் சுற்றத்தாருமாகிய பௌத்தத் திருவுருவங்கள். பாஷோ காணாத ஒன்றைக் கண்டதாக எழுதினார் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் திறனாய்வாளர் இரு கட்சியாகப் பிரிவர். கலைஞனுக்கு எல்லா உரிமையும் உண்டு என்பார் ஒரு சாரார். பயண நூல் என்று பெயரிட்டுப் பொய் கூறலாகாது என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றும் பொதுவிதிகள். ஓர் இடத்தில் செய்த மாற்றம் நூலுக்கு என்ன செய்தது என்று தனித்தனியே பார்க்காமல் தீர்ப்புக் கூறுவது ஆசிரியர் விடைத்தாளைத் திறவாமலே மதிப்பெண் இடுவதை ஒக்கும்.

ஹிராய்சுமியில் செய்த மாற்றத்தால் பெரும்பயன் விளையவில்லை. அப்பகுதியின் உயிர் பாஷோ குன்றின்மேல் அமர்ந்து, போர்க்களம் புல்வெளியாகிக் கிடப்பதைக் கண்டு கண்ணீர் விடும் இடத்தில் உள்ளது. பிறகு பொன்மண்டபத்தின் நிலைபேறு அதற்கு எதிர்நிலையாக வருகிறது. அழிந்ததும் அழியாததும் எதிரெதிர் நிற்க அவ்விரண்டே போதும். சுவடி மண்டபம் பூட்டிக் கிடந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் காட்சி கெட்டிருக்காது. கூடுதல் வலிமையே பெற்றிருக்கும்.

இஷினோமாக்கியில் நேர்ந்தது இதனினும் சிந்திக்கத்தக்கது. வழி தவறி எதிர்பாராமல் அத்துறைமுகத்தை அடைந்ததாகவும், தங்க இடம் கேட்டு எவரும் தராமையால் ஓர் ஏழைக் குடிலில் இரவைக் கழித்ததாகவும் நூல் கூறுகிறது. நாட்குறிப்பு கூறும் செய்தி வேறு. வழியில் தாகம் மிகுந்து வீடுவீடாக வெந்நீர் கேட்டனர், எவரும் தரவில்லை. அவ்வழியே சென்ற ஒருவர் இரங்கித் தமக்குத் தெரிந்தவர் வீட்டிற்கு அழைத்துச் சென்று நீர் தரச் செய்தார். அடுத்த ஊரில் எங்கே தங்கலாம் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். சோரா அவர் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். பாஷோ அவரை முற்றாக நீக்கிவிட்டார். தனித்து அலையும் பயணி என்னும் ஓவியத்திற்கு அம்மனிதர் இடையூறாக இருந்தார் போலும். நூலின் ஓசை இதனால் குலையாமல் காக்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது. எனினும் தாகத்திற்கு நீர் பெற்றுத் தந்தவரை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் இரக்கமற்ற ஓர் ஊரை வைத்தது நேரிய செயல் ஆகுமா? கலையின் பெயரால் எல்லாவற்றையும் பொறுப்போர் இந்த ஒன்றையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூலில் நிகோவுக்கு அருகே ஒரு விடுதியாளரின் நேர்மையைப் பாராட்டி எழுதியவரும் இதே பாஷோதான்.

அடுத்து வருவது இதற்கு நேர்மாறானது. எச்சிகோ நாட்டைக் கடந்த பகுதியைப் பாஷோ ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார். வெயிலும் மழையும் உள்ளத்தை வாட்டின, நோயும் வந்தது, ஆகவே எழுதவில்லை என்பது அவர் கூறும் காரணம். அதற்கான நாட்கள் 9 என்றும் கணக்கிடுகிறார். சோராவின் ஏட்டின்படி அவை ஏறத்தாழ 15 நாட்கள். அந்நாட்களில் என்ன நேர்ந்தது? காஷிவாசாக்கி என்னும் ஊரில், அறிமுகக் கடிதத்தோடு சென்றும் வரவேற்பு மனத்திற்கு ஒவ்வாமல் இருவரும் வெளியேறினர். இரண்டு முறை ஆள் ஓடி வந்து தடுத்தும் நிற்கவில்லை. சிறு தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சினம் கொண்ட நடுவயதுக் கவிஞர் ஒருவர் மழையில் விடுவிடென்று நடப்பதும், மாணவர் பின்தொடர்வதும், வேலையாள் மூச்சிரைக்க ஓடிவருவதும் இன்றைய எழுத்தாளர் ஒருவர் கையில் பத்துப் பக்கம் ஆகியிருக்கும். பாஷோ அதை மௌனத்தில் புதைத்தார். தம்மை அவமதித்தவரை அச்சில் ஏற்றிப் பழிதீர்க்காத பண்பு என்று அதனைக் கொள்ளலாம். தம் சினத்தையும் அவ்வாறே மறைத்துக்கொண்டார் என்பதும் உடன் கூறத்தக்கது.

அந்நாட்டின் எல்லையான இச்சிபுரியில்தான் நூலின் மிக நுண்ணிய புனைவு வருகிறது. விடுதியில் அடுத்த அறையில் நீகாதாவைச் சேர்ந்த இரு கணிகையர், இசே தலத்திற்கு யாத்திரை செல்பவர்கள், தம் வாழ்வை நொந்து பேசும் குரல் கேட்கிறது. காலையில் அவர்கள், துறவாடை அணிந்த இவர்களைக் கண்ணீரோடு வணங்கி, தூரத்திலிருந்தேனும் பின்தொடர இசைவு கேட்கின்றனர். வழியில் பல இடங்களில் தங்க வேண்டியிருக்கிறது என்று கூறிப் பாஷோ மறுத்துவிடுகிறார்; மறுத்த பின் நெடுநேரம் மனம் ஆறவில்லை. அப்போது எழுந்த பாடலைச் சோராவிடம் கூறியதாகவும் அவர் எழுதிக்கொண்டதாகவும் நூல் உரைக்கிறது. சோராவின் ஏட்டில் அப்பாடலும் இல்லை, அப்பெண்களும் இல்லை.

அன்றைய நாளுக்குச் சோரா எழுதி வைத்தது இது: வானம் தெளிவு, ஹயகவா ஆற்றில் ஆசிரியர் இடறி ஆடை நனைந்தது, ஆற்றங்கரையில் சிறிது நேரம் உலர்த்தினோம், மாலையில் இச்சிபுரி அடைந்தோம்.

இவ்விரண்டில் எது உண்மை என்று வினவினால், ஆடை நனைந்ததே உண்மை. எது சிறந்தது என்று வினவினால் விடை அத்துணை எளிதன்று. பாஷோ தொடர்பாட்டு அவைகளில் தலைமை தாங்கியவர். பலர் கூடி இயற்றும் அப்பாட்டில் நிலவுக்கு ஓரிடம், மலருக்கு ஓரிடம், காதலுக்கு ஓரிடம் என்று மரபு உண்டு. பயண நூலையும் அவர் அம்முறையில் அமைத்தார் என்றும், காதலின் இடத்தில் கணிகையரை வைத்தார் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். அது தக்க விளக்கமே. ஆயினும் அப்பகுதி மனத்தில் நிற்பதற்கு மரபு மட்டும் காரணமன்று. துறவியுடை தரித்தவர், அடைக்கலம் கேட்டவர்களைக் கைவிட்டார் என்று தம்மைப் பற்றியே கூறுகிறார். தமக்குப் பெருமை தராத ஒரு செயலைக் கற்பித்துத் தம்மேல் ஏற்றிக்கொண்ட புனைவு இது. இஷினோமாக்கிப் புனைவு பிறர்மேல் பழியை ஏற்றியது. இவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்தால் போதும்.

நாட்குறிப்பைக் காவலர் கைத்தடிபோல் பயன்படுத்துவோரும் உளர். சாதோத் தீவின்மேல் விண்மீன் கூட்டம் விரிந்து கிடப்பதைப் பாஷோ பாடியது பொய்; இசுமோசாக்கியில் அன்றிரவு மழை என்பர். சோரா எழுதியதை நிதானமாகப் படித்தால், பகலில் வானம் தெளிவாக இருந்தது, மாலையில் ஊரடைந்தனர், நள்ளிரவில் பெருமழை என்றே உள்ளது. இருட்டியதற்கும் மழை தொடங்கியதற்கும் இடையில் பாஷோ கடற்கரையில் நின்றாரா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. நேரத்தையும் தூரத்தையும் குறிக்கும் ஏடு ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்ததைக் குறிப்பதில்லை. ஹிராய்சுமியிலும் சென்று கண்ட இடங்களின் பட்டியலைச் சோரா தருகிறார். குன்றின்மேல் சிந்திய கண்ணீர் அவர் ஏட்டில் இல்லை. இல்லாமையால் அது சிந்தப்படவில்லை என்று ஆகிவிடுமா?

1996இல் பாஷோவின் கையெழுத்துப் படி என்று பலரும் ஏற்கும் சுவடி ஒன்று வெளிவந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் காகிதத் துண்டுகளை ஒட்டி மேலே திருத்தி எழுதப்பட்டுள்ளது. 5 மாத நடையை எழுத 5 ஆண்டுகள் உழைத்தவரின் அடிச்சுவடு அது. அன்றன்று எழுதிய ஏடு என்னும் தோற்றமே அவர் அரிதின் முயன்று ஆக்கியது. பயணக் கட்டுரை எழுதச் சொன்னால் காலையில் எழுந்தோம், பேருந்தில் ஏறினோம், மாலையில் திரும்பினோம் என்று எழுதித் தரும் மாணவருக்கு இவ்விரு நூல்களின் பகுதிகளையும் அருகருகே வைத்துக் காட்டலாம். சோராவைப் போல் எழுதுவதும் எளிதன்று என்பது அப்போது அவர்களுக்கு விளங்கும்.

யாமானாக்கா வெந்நீர் ஊற்றில் சோரா வயிற்று நோயால் பிரிந்து, இசே நாட்டில் இருந்த உறவினரை நோக்கி முன்னே சென்றுவிட்டார். அதன்பின் பாஷோவின் நாட்களுக்கு அந்தச் சான்று இல்லை. நூல் கூறுவதே நாம் அறிவது. ஓகாக்கியில் நண்பர்கள், இறந்து மீண்டவரைக் கண்டாற்போல் பாஷோவைச் சூழ்ந்து மகிழ்ந்தனர். சோராவும் இசேயிலிருந்து வந்து சேர்ந்தார். களைப்பு நீங்குமுன்பே, புதுப்பிக்கப்படும் இசே கோயிலைத் தொழுவதற்காக ஒன்பதாம் மாதம் ஆறாம் நாள் பாஷோ மீண்டும் படகேறினார். அந்தத் தேதியில் ஆசிரியர் நூலுக்கும் மாணவர் ஏட்டுக்கும் வேறுபாடு இல்லை.